வில்மார் கைகளைத் தூக்கிய நாள்

என் தம்பி வில்மார் பதினோரு கிளப்புகளுக்குக் கால்பந்து ஆடியவன். அதற்காக அவன் வீடு மாறியதே இல்லை. மற்ற ஊர்களில் ஆட்டக்காரன் கிளப் மாறினால் பெட்டி கட்ட வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும், பெண்டாட்டி மூக்கைச் சிந்துவாள். எங்கள் மாண்டேவீடியோ நகரத்தில் பேட்டைக்கு ஒரு கிளப் இருக்கிறது. ஆகவே அவனுக்கு வருஷா வருஷம் பஸ் நம்பர் மட்டும்தான் மாறியது. ஒரு வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாலம் கிளப், மறு வருஷம் ரயில்வே, அதற்கடுத்து துறைமுகம். நடுவில் ஒரு சீசன் பொலிவியாவில், மூச்சு நிற்கிற உயரத்தில் ஆடினான். இன்னொரு சீசன் குவாத்தமாலாவில் கொசுக்களோடு. இரண்டு தடவையும் நாங்கள் தேநீர் போல உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலையைப் பெட்டி நிறையக் கொண்டுபோய், அது தீர்ந்ததும் திரும்பி வந்துவிட்டான்.

எங்கள் தெருவில் இதனால் ஒரே கூத்து. முடிதிருத்துபவர் ரயில்வே ரசிகர். வில்மார் ரயில்வேக்கு ஆடிய வருஷம் "எங்க வில்மார்" என்று அவனைக் கட்டிப்பிடித்தவர், அடுத்த வருஷம் சவரக்கத்தியை அவன் தொண்டையில் வைத்துக்கொண்டே, சனிக்கிழமை எங்கள் பையனை உதைக்காதே என்று அன்பாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரருக்குத் துறைமுகம். அவன் முழங்காலுக்கு அவர் தரும் களிம்பின் அளவு, அந்த வருஷம் அவன் யாருக்கு ஆடுகிறான் என்பதைப் பொறுத்தது.

அவன் மத்தியத் தடுப்பாட்டக்காரன். வேகம் என்று பெரிதாகக் கிடையாது. இடது கால் நிற்பதற்கு மட்டும்தான். ஆனால் பஸ் வருவதற்கு முன்பே நிறுத்தத்தில் போய் நிற்கிற ஆளைப் போல, பந்து வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வான். எதிரணிக்காரன் தலைதெறிக்க ஓடி வந்து பார்த்தால், அங்கே ஏற்கெனவே வில்மாரின் மார்பு இருக்கும். இப்படி நின்றே மூக்கை இரண்டு முறை உடைத்துக்கொண்டான். பத்திரிகையில் அவன் படம் வந்தது ஒரே ஒரு தடவை. அதிலும் வேறு யாரோ கோல் போட்டுக் குதிக்கிறான், பின்னால் மங்கலாக இவன் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறான்.

இவன் ஆடாத கிளப் ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது.

எங்கள் பேட்டை நுவேவோ பாரிஸ். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்த இடம், அதனால் கிளப்பின் பெயரே 'தோல்காரர்கள்'. பழுப்பும் மஞ்சளும் ஜெர்சி. மைதானம் எங்கள் கொல்லைச் சுவருக்குப் பின்னால். துணி உலர்த்தும்போது கோல் கம்பம் தெரியும். நான் பிறந்ததை அரசாங்கத்தில் பதிவதற்கு முன்பே அப்பா கிளப்பில் பதிந்துவிட்டு வந்தார். இன்றும் ஆட்டம் நடக்கும் நாளில் வாசலில் அடுப்பு வைத்துப் பொரித்த ரொட்டி விற்கிறேன். என் பெயர் நிபியா. எதிரணிக்காரர்களுக்கும் விற்பேன். ஆறிப்போனதை.

அவன் ஏன் எங்களுக்கு ஆடவில்லை என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பதினைந்து வயதில் அவன் தேர்வுக்குப் போனான். அப்போது இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டவர் எபெர். எதிர்வீட்டில் கறிக்கடை வைத்திருப்பவர், இப்போது கிளப்பின் தலைவரும் அவர்தான். குச்சி மாதிரி நின்ற இவனை மேலும் கீழும் பார்த்து, கொஞ்சம் வளர்ந்துவிட்டு வா என்றார். அவ்வளவுதான். இவனும் வளர்ந்தான், வாசல் நிலையில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்தான். ஆனால் போகவில்லை. தான் வளர்ந்தது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாதா, கூப்பிடட்டும் என்று இருந்தான். நான்தான் வரச்சொல்லிவிட்டேனே, வரட்டும் என்று அவரும் இருந்தார்.

இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் இவன் அவர் கடைக்குப் போவான். விலா எலும்பு நல்லதாக வந்திருக்கிறதா, கறி சுட விறகு ஈரமாக இருக்கிறதே என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். எபெர் இருப்பதிலேயே நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பார். இந்த ஒரு பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை கிளம்பினேன். வாயைத் திறந்தால் இனி உன் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டான். இரண்டு பேரின் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினால் என்ன என்று எத்தனையோ நாள் எனக்குக் கை துறுதுறுத்தது.

இதற்கு மேல் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய கிளப்புக்கு எதிராக ஆடுகிறவன் கட்டாயம் கோல் போடுவான் என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. போட்டால் அவன் கொண்டாடக் கூடாது. இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, மன்னித்துவிடுங்கள் என்பதுபோல் நடந்து வர வேண்டும். உண்ட வீட்டுக்குச் செய்கிற மரியாதை அது. வில்மார் தன் ஆயுளில் போட்ட கோல் நான்கு. நான்குமே ஏற்கெனவே ஆடிய கிளப்புகளுக்கு எதிராக. பதினோரு இடத்தில் உண்டவன் வேறு யாருக்கு எதிராகத்தான் போட முடியும்? நான்கு தடவையும் கைகளைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நடந்து வந்தான். கோல் போட்டுவிட்டு ஒரு முறை ஓடியது கிடையாது, கத்தியது கிடையாது.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் காச்சோவுக்கு இதில் அலாதி சந்தோஷம். எங்கள் மைதானத்துக் கம்பிவேலியில் மூக்கை நுழைத்துக்கொண்டு, நடுவரின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பதற்கென்றே பிறந்த மனிதர்.

"பய கோல் போட்டாக்கூட போலீஸ்ல மாட்டின திருடன் மாதிரியே வர்றான் பாரு" என்பார்.

அவனுக்கு முப்பத்தேழு வயதான வருஷம், சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் வந்து விழுந்தது. எதிரணி கலங்கரை கிளப். வில்மார் அந்த வருஷம் கலங்கரைக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் டிரா ஆனாலே போதும், தோல்காரர்கள் முதல் டிவிஷனுக்குப் போய்விடுவார்கள். நான் கல்யாணமாகாமல் இருந்த காலத்தில் கடைசியாக அங்கே இருந்தோம். கலங்கரை ஜெயித்தால் அவர்கள் போவார்கள், நாங்கள் இரண்டாம் டிவிஷனிலேயே கிடப்போம்.

அந்த வாரம் முழுக்க எபெர் கடையில் கறி வாங்கியவர்களைவிட வாயடித்தவர்கள்தான் அதிகம். கறி வாங்க நானும் நின்றிருந்தேன். காச்சோ வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள எல்லா கிளப்பும் வில்மாரைப் பார்த்து நடுங்கலாம், நமக்கு மட்டும் பயமில்லை, ஏனென்றால் நம்மிடம் அவன் ஆடியதே இல்லை, பழைய கிளப் சட்டம் நமக்குச் செல்லாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் அவரே யோசித்து, இன்னொன்றையும் சொன்னார்.

"ஆனா ஒண்ணுப்பா. தப்பித் தவறிப் போட்டான்னு வையி, உலகத்துலயே நம்மளுக்கு முன்னாடி மட்டும்தான் அவன் தாராளமா குதிக்கலாம். கேக்க நாதியில்ல."

கடை சிரித்தது. எபெர் சிரிக்கவில்லை, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வில்மார் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அவன் சாசேஜ் வாங்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து மாத்தே குடித்தோம். நான் சுடுதண்ணீர் ஊற்றி நீட்ட, அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தான். முழங்காலில் பனிக்கட்டி கட்டியிருந்தது. சுவருக்குப் பின்னால் எங்கள் பையன்கள் பயிற்சி செய்கிற சத்தம் கேட்டது.

"போட்டா என்னடா பண்ணுவ?" என்றேன்.

"நான் எங்கக்கா போடப் போறேன்."

"போட்டா?"

முழங்காலில் நழுவிய பனிக்கட்டியை இழுத்துக் கட்டினான். "ஒரு தடவையாச்சும் ஓடிப் பாக்கணும்னு இருக்குக்கா. கத்திக்கிட்டு. எப்பிடி இருக்கும்னே தெரியாது எனக்கு."

அப்புறம் அவனாகவே சொன்னான். தோல்காரர்கள் மேலே போய்விட்டால் முதல் டிவிஷனுக்கு இருபது வயதுப் பையன்களைத்தான் தேடுவார்கள், இந்த முழங்காலை யார் தேடப் போகிறார்கள். பழுப்பு ஜெர்சியைப் போடுகிற ஆசையை அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகக் கலங்கரைக்கு ஜெயித்துக் கொடுப்பாயா என்று கேட்டேன். என்னை முறைத்தான். யார் ஜெர்சியைப் போட்டிருக்கிறானோ அவர்களுக்காகத்தான் இருபது வருஷமாக மூக்கை உடைத்துக்கொள்கிறான், இந்தச் சனிக்கிழமை மட்டும் வேறு கணக்கா என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மழை. மழையென்றால் எங்கள் ஊரில் பொரித்த ரொட்டிக்குத் தனி மவுசு. ஆனால் எனக்கு வியாபாரம் ஓடவில்லை. முதல் விசில் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வேலிக்கு ஓடினேன். ஒரு பக்கம் எபெர், மாத்தேக்கான சுடுதண்ணீர் ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு. இன்னொரு பக்கம் காச்சோ. என் கழுத்தில் பழுப்பு மஞ்சள் சால்வை, கண் மட்டும் கலங்கரையின் வெள்ளை ஜெர்சியில். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

என்ன ஆட்டம் அது! சேற்றில் பந்து விழுந்த இடத்திலேயே நின்றது. எங்கள் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். எங்கள் முன்கள ஆட்டக்காரன் தியாகோ, பத்தொன்பது வயது, கால் தரையில் படாது. அவன் ஒவ்வொரு தடவை உள்ளே பாயும்போதும் அங்கே வில்மார் நின்றான். தலையால் தள்ளினான், முதுகைக் கொடுத்தான், ஒருமுறை உட்கார்ந்தே பந்தை வெளியே தட்டிவிட்டான். என் வாய் அவனைத் திட்டியது, என் நெஞ்சு பூரித்தது. ஒருமுறை தியாகோ அவனையும் ஏமாற்றிவிட்டு அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மைதானமே தலையில் கை வைத்தது. பரவாயில்லை, டிரா போதும், டிரா போதும் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

முடிய சில நிமிஷங்களே இருந்தபோது கலங்கரைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. வில்மார் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். பந்து வந்தது. எல்லோரும் பந்தை நோக்கிக் குதித்தார்கள். அவன் குதிக்கவில்லை, பந்து எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அங்கே போய் நின்று நெற்றியைக் கொடுத்தான்.

கோல்.

வேலியோரம் ஒரு முகத்திலும் ஈயாடவில்லை. அவன் திரும்பினான். வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான், சேறு தெறிக்க, எங்கள் பக்கமாக. அப்படி ஒரு முகத்தை நான் அவனிடம் பார்த்ததே இல்லை. ஓடு என்று என் மனசு சொன்னது, ஓடுடா, உனக்கு உரிமை இருக்கிறது, இங்கே நீ உண்ணவில்லை.

சில அடிகள்தான் ஓடியிருப்பான். வேலிக்குப் பின்னால் எங்களைப் பார்த்தான். என்னை, காச்சோவை, எபெரை. நின்றுவிட்டான். வாய் மூடியது. இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினான்.

காச்சோவுக்கு முதலில் விளங்கவில்லை. வேலியைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், நீ எங்ககிட்ட எப்படா ஆடின? எதுக்குடா எங்களப் பாத்துக் கையத் தூக்குற?"

கேட்டு முடிப்பதற்குள் அவர் குரலே தேய்ந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கையைத் தூக்குவதற்கு அந்த ஜெர்சியைப் போட்டிருக்க வேண்டும். போடாதவன் தூக்கினான் என்றால், மனசுக்குள் அவன் அதைக் கழற்றியதே இல்லை என்றுதான் அர்த்தம். கறிக்கடையில் இத்தனை வருஷம் சொல்லாததை, பேட்டை மொத்தமும் பார்க்க, மழையில் நின்று சொல்லிவிட்டான். நான் ஓவென்று அழுதேன். எபெரின் அக்குளிலிருந்து ஃபிளாஸ்க் நழுவி விழுந்து, சுடுதண்ணீர் அவர் கால்மேல் கொட்டியது. மனிதர் அசையவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பதினோரு பேரும் கோல்கீப்பர் உட்பட அந்தப் பக்கம் போய் மோதினார்கள். கடைசி நொடியில் தியாகோ அடித்த பந்து உள்ளே போயே விட்டது என்று நான் கத்தினேன். கோட்டின் மேல் நின்று அதை முகத்தால் தடுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மூக்கு மூன்றாவது முறையாக உடைந்தது. நாங்கள் தோற்றோம்.

மறுநாள் ஞாயிறு. முதல் தடவையாக அவன் கறி வாங்கப் போகவில்லை, மூக்கில் கட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். கதவு தட்டப்பட்டது. எபெர், கையில் விலாக் கறிப் பொட்டலம், ஒரு காலில் கட்டு. உட்கார்ந்தார். இந்த வாரம் விலா நன்றாக வந்திருக்கிறது என்றார். கொழுப்பு சரியாக இருக்கிறது என்றான் இவன். விறகு ஈரமாகிவிட்டது என்றார் அவர். ஆமாம், நல்ல மழை என்றான் இவன்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பச்சைத் தண்ணீர் குடிக்காவிட்டால் போ என்று வாயைத் திறந்தேன்.

"இன்னும் எத்தன வருஷத்துக்கு விலா எலும்பையே பேசப் போறீங்க ரெண்டு பேரும்?"

எபெர் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வளந்துட்டு வான்னு சொன்னேன். நீ வரவே இல்லயேப்பா."

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேண்ணே."

"நல்லா இருந்தீங்க போங்க" என்றேன். "எபெர் அண்ணே, அவன் வளந்து முப்பத்தேழாச்சு. வளராம நிக்கிறது ஒங்க ரெண்டு பேரோட புத்தி மட்டும்தான்."

எபெர் சிரித்தார். வில்மாருக்குச் சிரித்தால் மூக்கு வலித்தது, ஆனாலும் சிரித்தான். கலங்கரை அவனுக்கு நன்றி சொல்லி வழியனுப்பிவிட்டது, முதல் டிவிஷனில் அந்த முழங்காலுக்கு வேலையில்லை. நாங்களோ அவன் புண்ணியத்தில் இரண்டாம் டிவிஷனிலேயே இருந்தோம். அங்கே அவனைப் போன்ற முழங்கால்களுக்கு இன்னும் இடம் உண்டு. "சேந்து ஆடணும்னு நம்மளக் கால்ல கல்லக் கட்டி முக்கிட்டான்யா, படுபாவி" என்று காச்சோ தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். சொல்லும்போது அவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

புது சீசன் தொடங்கியது. எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பாலம் கிளப்போடு. வெயில் பளீரென்று அடித்தது. பழுப்பும் மஞ்சளுமாக என் தம்பி வெளியே வந்தான். ஜெர்சி வயிற்றில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நான் கத்திய கத்தலில் ஓடைக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்திருக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே ஒருவனைத் தட்டிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கினான். பழக்கம்.

இரண்டாம் பாதியில் தியாகோ மூன்று பேரைச் சுற்றிவிட்டு உள்ளே அடித்தான். கோல். பையன்கள் எல்லோரும் தியாகோவின் மேல் விழுந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் மட்டும் வேறு திசையில் வந்தான். எங்கள் கோல் பக்கமிருந்து மைதானத்தின் நீளம் முழுக்க, நொண்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, வேலியை நோக்கி ஓடி வந்தான். இருபது வருஷம் ஓடாத ஓட்டத்தையெல்லாம் சேர்த்து ஓடினான். வேலியில் ஏறினால் மஞ்சள் அட்டை என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஏற்கெனவே ஒன்று இருப்பதும், இரண்டாவது வந்தால் சிவப்பு என்பதும் தெரியும்.

"ஏறாத, ஏறாதடா!" என்று எபெர் அலறினார். காச்சோவோ கம்பிக்குள் கைவிட்டு அவன் பூட்ஸைத் தாங்கி ஏற்றிவிட்டார். அவன் உச்சியில் தொற்றிக்கொண்டு, என் தலைக்கு நேர் மேலே, மூன்று முறை உடைந்த மூக்கோடு சிரித்தான். நான் எண்ணெய்க் கையால் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவர் கீழே சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து பாலத்துக்காரர்கள் கொதித்துப்போய்க் கத்தினார்கள்.

"எங்க சோத்தத் தின்னவன்தானடா நீ! கையத் தூக்குடா!"

அவன் இரண்டு கைகளாலும் எங்கள் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். தூக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.